பெட்டிக்குள் மடித்து வைத்த தாள்

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தியான மடம். அதை நடத்தும் சிவகாமி அம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தைந்து. பாத்திரக்கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வந்தவர்.

வந்து பத்து நாள்தான் ஆகிறது, மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கணும், எழுந்தால் நடக்கணும். நெஞ்சு படபடவென்று அடித்தது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. இரண்டு நாளாகப் பிடரியில் ஒரு பாரம் வேறு. இன்னொருவர் என்றால் பயந்து டாக்டரிடம் ஓடியிருப்பார். இவரோ பூரித்துப் போனார். குண்டலினி எழும்பினால் இப்படித்தான் இருக்கும் என்று எதிலோ படித்திருந்தாராம்!

விடிந்ததும் விடியாததுமாக அம்மாள் முன்னால் போய் நின்றார். அம்மாள் உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு என்பது மடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"தாயே, எனக்குக் குண்டலினி எழும்பிருச்சு. இன்னைக்கே தீட்சை குடுத்திருங்க."

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். சீடரின் கண் சிவந்திருந்தது. விரல் நடுங்கியது.

"பத்து நாள்லயா? நான் இருபது வருஷமா உக்காந்திருக்கேன். அப்படி என்ன செஞ்சீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல தாயே. தொப்பை இடிச்சுச் சம்மணம் போட முடியலை. உடம்பு மெலிய ஒரு மாத்திரை வாங்கினேன். இந்தச் சாரலுக்கு ஒரே தும்மல். தியானத்துல நாலு பேர் திரும்பிப் பாக்காங்க, மானம் போகுது. அதுக்கு ஒரு சளி மாத்திரை. மத்ததெல்லாம் உங்க அருள்."

"அருளா? அதைக் கொஞ்சம் கொண்டாங்க, பார்ப்போம்."

ஓடிப்போய் இரண்டு பெட்டியையும் கொண்டுவந்தார். அம்மாள் ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மறு கையால் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"தாயே, என்ன செய்றீங்க?"

"எனக்கும் எழும்பட்டுமே."

கோமதிநாயகம் பாய்ந்து செம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, வேண்டாம்! உங்களுக்குப் பிரஷர் இருக்கு. என்ன ஏதுன்னு பாக்காம முழுங்கலாமா?"

"அப்ப பார்த்துச் சொல்லுங்க. பெட்டிக்குள்ள தாள் இருக்கும்."

இருந்தது, மடிப்புக் கலையாமல். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவசரமாகப் பிரித்தார். எல்லாம் பொடி எழுத்து. கடையில் பாதிக் காசு குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கண், இதைப் படிக்கத் திணறியது.

"சளி மாத்திரையில, பிரஷர் உள்ளவங்க சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கு தாயே. படபடப்பு வருமாம். தூக்கம் போகுமாம்."

"இன்னொண்ணுல?"

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"மேல பேருதான் வேற. உள்ள ரெண்டும் ஒரே மருந்து. இதே மருந்துள்ள வேற மாத்திரையோட சேர்த்துச் சாப்பிடாதீங்கன்னு..." அடுத்த வரிக்குப் போனார். "அளவு மீறினா அழுத்தம் எகிறி, மூளையில ரத்தக்குழாய் வெடிக்கலாமாம்."

"எத்தனை நாளாச் சாப்பிடுறீங்க?"

"ஒன்பது நாளா."

"உங்க பிரஷர் எவ்வளவு?"

"பார்த்ததே இல்லை தாயே."

அவர் கை தானாகப் பிடரிக்குப் போனது. காலையில் இருந்த பெருமை எங்கே போனதோ, இப்போது பயம் மட்டும்தான் இருந்தது.

அம்மாள் மாத்திரைகளைத் தாளின் மேல் வைத்தார். வாசலில் நின்றவரைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு உடனே வண்டி எடுக்கச் சொன்னார்.

"அப்ப... தீட்சை?" என்றார் கோமதிநாயகம், மெல்ல.

"நான் முழுங்கப் போறேன்னதும் பாஞ்சு வந்து செம்பைப் பிடிச்சீங்க," என்றார் அம்மாள். "ஒன்பது நாளா உங்க செம்பை யாரு பிடிச்சா?"