நாற்பதாவது ஓட்டை

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு ஆபீஸ் இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற ஜெசிந்தாவுக்கு மணப்பாடு சொந்த ஊர். புருஷன் கஸ்பார் அங்கே கடலுக்குப் போகிறவன். கல்யாணமாகி ரெண்டு வருஷம்; சேர்ந்து இருந்தது இருபதே நாள். சாயங்காலமானால் அவனுக்குப் போன் போட்டு, "போனை அலைப் பக்கம் கொஞ்சம் நீட்டுங்க" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டேதான் சாப்பிடுவாள்.

ஊருக்கு மாற்றல் கேட்டு ஏழு மனு எழுதினாள். மேலதிகாரி வைத்திலிங்கம் ஒன்றையும் அறைக்குள் விடவில்லை.

"பிரிண்டர் மென்பொருள்ல ஓட்டை இருக்கு, எவனும் நுழையலாம்னு நீதானே சொன்னே? நாற்பது மெஷின்லயும் அடை. அப்புறம் படிக்கிறேன்."

முப்பத்தொன்பதில் அடைத்தாள். நாற்பதாவது அவருடையது.

"என் மெஷினைத் தொடாதே! பூட்டின அறைக்குள்ள எவன் வருவான்?" என்று விரட்டினார்.

மறுநாள் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். "என்னைக் கேட்காம இந்த அறைக்குள்ள ஒரு தாள் வராதுங்க" என்று வைத்திலிங்கம் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்திலிருந்த பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் தள்ளியது. ஜெசிந்தாவின் எட்டாவது மனு.

பெரியவர் அவளைக் கூப்பிட்டார். "எப்படிம்மா அனுப்பினே?"

"என் சீட்டிலிருந்துதாங்க ஐயா. சார் அடைக்க விடாத ஓட்டை வழியா."

வைத்திலிங்கத்துக்கு வேர்த்துவிட்டது. "உடனே அடை!"

"அடைக்கிறேன் சார். அடைச்சிட்டா என் மனு உங்ககிட்ட வர வேற வழி இல்லீங்களே. முதல்ல படிச்சிடுங்க."

பெரியவர் சிரித்தபடி வைத்திலிங்கத்திடம் பேனாவை நீட்டினார்.

கையெழுத்து காய்வதற்குள் ஓட்டையை அடைத்தாள். அன்று சாயங்காலம் போனில், "அலைப் பக்கம் நீட்ட வேண்டாங்க. நானே வந்து கேட்டுக்கிறேன்" என்றாள்.