நாமக்கோழி நடுப்பகலில் கேட்ட கேள்வி

காட்டுக்குள் ஒரு குளம். அதில் மருதாயி என்று ஒரு நாமக்கோழி. உடம்பெல்லாம் கறுப்பு. நெற்றியில் மட்டும் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளை நாமம். அவள் கெட்டவள் இல்லை. அவசரக்காரி, அவ்வளவுதான்.

மருதாயி குஞ்சாக இருந்தபோது குளம் தெளிவாகக் கிடந்தது. விடியும் நேரத்தில் அம்மாவின் பின்னாலேயே நீந்திப் போவாள். கிழக்குக் கரையோரம் தண்ணீர் செக்கச்செவேல் என்று இருக்கும். சூரியன் குளத்தில் இறங்கிக் குளிக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அந்தக் காலைகளை அவள் மறக்கவே இல்லை.

பிறகு ஒரு வெள்ளத்தில் ஆகாயத்தாமரை மிதந்து வந்தது. ஒரு கொத்து நூறாகி, குளத்தில் பாதியை மூடிவிட்டது. கிழக்குக் கரைக்கு நீந்திப் போக வழியே இல்லை. பறப்பதோ அவளுக்குப் பெரும்பாடு; அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது.

இந்த வருடம் மருதாயி கூடு கட்டி முட்டையிட்டிருந்தாள். "என் பிள்ளைங்களும் அந்தச் செவப்புத் தண்ணியில நீந்தணும். அதை மட்டும் நான் பார்த்துட்டாப் போதும்" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அந்தக் குளத்துக்கு ஒரு விதி உண்டு. களையோ மரமோ, எதைப் பிடுங்குவதானாலும் அதன் பக்கத்தில் நின்று, "இதுல யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். பதில் வந்தால் விட்டுவிட வேண்டும். வராவிட்டால் பிடுங்கலாம். விதியைக் காப்பது ஓர் உடும்பு. அவர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார் என்று உங்களுக்கே தெரியும்.

மருதாயி காட்டுப்பன்றியைத் தேடிப் போனாள்.

"தம்பி, அந்தக் களையைப் பூராவும் வாரிப் போடணும். முடியுமா?"

பன்றி குளத்தைச் சுற்றிப் பார்த்தது. "களை எடுக்கறது பெரிசில்லக்கா. கிழக்குக் கரையில ஒரு கடம்ப மரம் சாஞ்சு நிக்குது பாரு, அது வேருலதான் களை மாட்டிக்கிட்டு நிக்குது. மரம் இருக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப வரும். மரத்தையும் சாய்ச்சிடுவோம்."

அதன் வேரடியில் கிழங்கு இருந்தது. பன்றியின் கண் அதன் மேல். மருதாயிக்கு அது தெரியாது.

"மரத்துல யாராவது குடியிருந்தா?" என்றாள்.

"கேளு. நடுப்பகல்ல கேளு. எப்பக் கேக்கணும்னு விதியில இருக்கா என்ன?"

அதுவும் சரிதானே என்று அவளுக்குப் பட்டது. மறுநாள் உச்சி வெயிலில் களையின் பக்கத்தில் கேட்டுவிட்டு, பறந்து போய் மரத்தடியில் நின்றாள். காடே கண்ணயர்ந்து கிடந்தது. அண்ணாந்தும் பார்க்காமல், "இதுல யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று முறை கேட்டாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. பதில் வரவில்லை.

உடும்பு வந்து பார்த்தார். "சாயங்காலம் ஒரு தடவை கேட்டிருக்கலாமேம்மா."

"விதியில அப்படி இல்லையே அண்ணே. மூணு முறை கேட்டேன், முடிஞ்சுது."

உடும்பு ஒதுங்கி வழி விட்டார். விதியைப் பிடித்துக்கொண்டிருந்தவரை விதியாலேயே மடக்கிவிட்டாள்.

பன்றி வேரைத் தோண்டித் தோண்டிக் கிழங்கைத் தின்றது. மரம் கிரீச்சென்று சாய்ந்தது. களையையும் பன்றி இழுத்துக் கரையில் போட்டது. குளம் மறுபடியும் தெளிந்தது. மருதாயி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்தி நீந்திக் களைத்தாள். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் விடியலுக்காகக் காத்திருந்தாள். விடிந்தது. தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். மேகம் மறைக்கிறது போலும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

மேகம் உண்மையிலேயே வந்தது. பேய் மழை. கிழக்குக் கரையின் மண்ணை அந்த மரத்தின் வேர்தான் இத்தனை காலமும் பிடித்து வைத்திருந்தது. பிடி போனதும் கரை உடைந்தது. குளத்துத் தண்ணீர் பாதி அந்த வழியே ஓடியது. மருதாயியின் கூடும் முட்டைகளோடு அதில் போய்விட்டது. அவள் கத்திக்கொண்டே பின்னால் நீந்தினாள். எட்ட முடியவில்லை.

மழை விட்ட சாயங்காலம், விழுந்து கிடந்த மரத்தின் அருகே போய் உட்கார்ந்தாள். பக்கத்துப் புதரில் ஒரு வௌவால் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ யாரு? இங்க ஏன் தொங்கற?" என்றாள்.

"இந்த மரத்துப் பொந்துலதான் இருந்தோம். இது செங்கடம்பு. இதோட பூ ராத்திரிதான் விரியும். செவப்புப் பூ. நாங்க தேன் குடிப்போம். விடியும்போது பூவெல்லாம் உதிர்ந்து தண்ணி மேல விழும். களை வர்றதுக்கு முன்னாடி இந்தக் கரையோரத் தண்ணியே செவப்பா இருக்குமாம். எங்க அம்மா சொல்லுவாங்க."

மருதாயிக்கு நெஞ்சு விண்டுபோனது. சூரியன் குளிக்கவே இல்லை. அம்மாவோடு அவள் நீந்தியதெல்லாம் இந்த மரத்தின் பூவில்.

"நான் கேட்டேனே. மூணு முறை கேட்டேனே" என்றாள்.

"கேட்டியா? எப்போ?"

"நடுப்பகல்ல."

வௌவால் கோபப்படவில்லை. "நாங்க தூங்கற நேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருட்டில் பறந்து போனது.

அடுத்த கோடையில் மண்ணில் மிஞ்சிக் கிடந்த வேரிலிருந்து ஒரு சிறு துளிர் எட்டிப் பார்த்தது. பன்றி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மருதாயி சிறகை விரித்துக்கொண்டு குறுக்கே நிற்கிறாள். சாயங்காலம் ஆனால் துளிரின் பக்கத்தில் போய், "யாராச்சும் இருக்கீங்களா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, பொழுது சாயும்வரை பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.

பதில் வந்துவிடக் கூடாதே என்று நினைத்துக் கேட்பவர், விதியை மீறாமலே, அந்த விதி எதைக் காக்க வந்ததோ அதையே அழித்துவிடுவார்.