ஆட்டின் தலையில் சும்மாடு

“தாயே, ருசியை விட்டேன். தூக்கத்தைக் குறைச்சேன். இந்தக் காய்ச்சல் மட்டும் என்னை விடமாட்டேங்குது.”

அம்பலவாணன் கம்பளிக்குள்ளிருந்து முனகினான்.

மழை தொடங்கினால் போதும், மடத்தில் முதல் இருமல் அவனுடையது. கார்த்திகைக்கு மலையுச்சி விளக்குக்கு நெய்க்குடம் சுமக்கும் பாக்கியம் அவனுக்குத்தான் கிடைத்திருந்தது. என்ன பிரயோசனம்? இரண்டு வருஷமாகப் படுத்துக்கொண்டே கும்பிட்டான். இந்தக் கார்த்திகைக்கும் படுத்துவிட்டால் குடம் வேறு தலைக்குப் போய்விடும். அந்த நினைப்பே அவனைப் பாதி கொன்றது.

பாயருகே நின்ற மடத்துத் தலைவி உலகம்மை அவனைவிட வயதில் சின்னவள். பேச்சு மட்டும் கறார்.

“என்ன சாப்பிடுறே?”

“வெறும் சோறும் உப்பும்.” காய்ச்சலிலும் குரலில் பெருமைக்குக் குறைவில்லை.

“இலையில கீரை வைக்கிறாங்க. பயறு, நெல்லிக்காய் எல்லாம் வைக்கிறாங்க. அதெல்லாம் எங்கே போகுது?”

“அது நாக்குக்குக் குடுக்கிற லஞ்சம், தாயே. செவலைக்குப் போட்டுடுவேன்.”

செவலை மடத்து ஆடு. போன மழையில் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தது. பிழைக்காது என்று எல்லோரும் கைகழுவிய ஜீவன். இப்போது கட்டின முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது.

உலகம்மை உள்ளே போனாள். குடம் சுமப்பவன் தலைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணியை எடுத்து வந்தாள். வட்டமாகச் சுருட்டி, வாசலில் நின்ற ஆட்டின் தலையில் வைத்தாள்.

“என்ன தாயே இது?”

“இந்த வருஷம் குடம் இவளுக்கு.”

“ஆடு குடம் தூக்குமா?”

“தவம் செஞ்சது நீ. தேறினது இவ. நான் யாரை நம்புறது?”

அவனுக்குச் சுருக்கென்றது. கண் கலங்கியது. அவன் மறைக்கவில்லை.

“நாக்கை ஜெயிக்கணும்னுதானே தாயே...”

“நாக்கோட உனக்குச் சண்டை, சரி. உடம்புக்குள்ளே நோயைத் தடுக்கக் காவல் நிக்கிறவங்க என்ன பாவம் செஞ்சாங்க? அவங்களை ஏன் பட்டினி போட்டே?”

“எந்தக் காவல்?”

“காய்ச்சல் வந்தப்போ எழுந்திருக்க முடியாம கிடந்த காவல்.”

காய்ச்சல் விட்டதும் பந்திக்கு வந்தான். கீரையைக் கேட்டு இரண்டாம் தடவை வாங்கினான். நெல்லிக்காயை முகம் சுளித்துக்கொண்டே கடித்தான். செவலை காத்திருந்து ஏமாந்து போனது.

ஐப்பசி வந்தது. மடமே இருமியது. அவனுக்கும் உடம்பு சுட்டது. ஆனால் வந்த காய்ச்சல் வந்த வேகத்திலேயே போனது.

கார்த்திகையன்று தூறலில் நெய்க்குடம் மலையேறியது. அம்பலவாணன் தலையில்தான். வழியில் யாரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை. உச்சியில் விளக்கு எரிந்தபோது ஊரே கும்பிட்டது. அவன் மட்டும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான். அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு.

இறங்கி வந்தவனை உலகம்மை வாசலில் நிறுத்தினாள்.

“உடம்பு எப்படியிருக்கு?”

“பசிக்குது, தாயே.”

இலை போட்டார்கள். பழக்கதோஷத்தில் செவலை வந்து இலையை முட்டியது.

அம்பலவாணன் இரண்டு கையாலும் இலையை வளைத்துக்கொண்டான்.

“போடி. இது குடம் சுமந்தவன் இலை.”