கரண்ட் அடுப்புக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகம்

கோத்தகிரி மலைப்பாதையோரம் ஒரு மடம் இருந்தது. அங்கே ஒரு கரண்ட் அடுப்பைச் சாமியாகக் கும்பிட்டார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன அடுப்பு அது. மேலே நான்கு இரும்புத் தட்டுகள், கீழே ரொட்டி சுட ஓர் அறை, முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள். மடத்தை நிறுவிய பெரிய சாமி வழிப்போக்கர்களுக்கு அதில்தான் சமைத்துப் போட்டார். அவர் சமாதியான பிறகு யாரும் அதில் ஒரு வாய் வெந்நீர்கூட வைக்கவில்லை. பட்டு சாத்தினார்கள். சுவிட்சு ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமை தவறாமல் பாலபிஷேகம்.

அபிஷேகம் செய்கிறவர் பூவராகன். மடத்துக்கு வருமுன் கோயம்புத்தூரில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். மின்சாரச் சாமானில் பாலை ஊற்றக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். பக்தி முற்றிவிட்டது, அவ்வளவுதான்.

மடத்தின் இப்போதைய தலைவி திலகவதியம்மா. பூவராகனைவிட வயதில் இளையவர். பூவராகன் அவரிடம் அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்பார்.

"பெரிய சாமி இப்ப எங்கேம்மா இருக்கார்?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் ஆய்ந்துகொண்டே இருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை மலையில் மண் சரிந்தது. முன்னாலும் வழியில்லை, பின்னாலும் வழியில்லை. ஒரு கல்யாண பஸ் மடத்து வாசலில் மாட்டிக்கொண்டது. பெண், மாப்பிள்ளை, இரு வீட்டார், மேளக்காரர்கள், அரிசி மூட்டை, காய்கறிக் கூடை எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. முகூர்த்தம் பத்தரை மணிக்கு.

"இங்கேயே தாலி கட்டட்டும்" என்றார் அம்மா.

மடம் திமிலோகப்பட்டது. கூடத்தைக் கழுவினார்கள். தோட்டத்து வாழை இரண்டு வாசலுக்கு வந்தன. துறவறம் பூண்டவர்கள் மாவிலைத் தோரணம் கட்டிய அழகைப் பார்த்துக் கல்யாணப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பெண்ணின் தாய் தெய்வானை மட்டும் சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் போனபிறகு ஒண்டியாக மகளை வளர்த்தவள்.

"அடுப்பே எரியலியாமுங்க. மாப்பிள்ளை வீட்டுல இப்பவே முணுமுணுங்கறாங்க. ஒரு பந்தி போட வக்கில்லாம பொண்ணைக் குடுத்தாங்கன்னு எம்புள்ளையக் காலத்துக்கும் குத்திக் காட்டுவாங்கம்மா."

உண்மைதான். மடத்தில் கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றது. விறகெல்லாம் மழையில் ஊறிக் கிடந்தது. கரண்ட் மட்டும் யார் செய்த புண்ணியமோ போகவில்லை.

அம்மா நேராகப் போய் அடுப்பின்மேல் சாத்தியிருந்த பட்டை உருவினார்.

பூவராகன் பதறிவிட்டார். "அம்மா, அது பெரிய சாமியோட..."

"ஸ்குரூ டிரைவர் எங்கே இருக்கு, பூவராகன்?"

வேறு வழியில்லை. மெயினை அணைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, முகப்புத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பால் பொருக்குத் தட்டி இருந்தது. குங்குமம் களிம்பாக அப்பியிருந்தது. எறும்புகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. எல்லாம் அவர் கையால் ஊற்றியது.

பிறகு பழைய கை விழித்துக்கொண்டது. சுவிட்சுகளைச் சுரண்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். உளுத்துப்போன ஒயர்களை மாற்றினார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது, முகம் மலர்ந்திருந்தது. வாசலில் கல்யாணக் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

மெயினைப் போட்டு முதல் தட்டின் சுவிட்சைத் திருப்பினார்.

டப். பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றது.

இரண்டாவது. டப். மூன்றாவது, நான்காவது, எல்லாம் அதே கதை.

கூட்டம் 'ப்ச்' கொட்டியது. தெய்வானை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நாலு தட்டும் போச்சும்மா" என்றார் பூவராகன். "இப்ப இது எங்கேயும் கிடைக்காது."

"என்ன ஆச்சு அதுக்கு?"

"உள்ள ஈரம் குடிச்சிருக்கு. பாடியில கரண்ட் கசியுது."

"மோட்டார் ஈரம் குடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"சூடு காட்டிக் காய..." சொல்லவந்தவர் நிறுத்தினார். கூடத்துப் பக்கம் ஓடினார்.

அங்கே மாப்பிள்ளையின் மாமா பழனியப்பன் மடத்துக் கரித் தேய்ப்புப் பெட்டியால் முகூர்த்த வேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பூவராகன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பின்னாலேயே மாமா வந்தார். "ஏனுங்க, மாப்பிள்ளை வேட்டி பாதியில நிக்குதுங்க. அடுப்புக்கு இஸ்திரி போடறதை நான் எங்கேயும் பார்த்ததில்லீங்க."

"கசங்கின வேட்டியில தாலி கட்டினா முடிச்சு அவிழ்ந்திடாது" என்றார் அம்மா.

மடத்தில் மிச்சமிருந்த கரி அந்தப் பெட்டிக்குத்தான் போதும். பூவராகன் ஒவ்வொரு தட்டின்மேலும் பெட்டியை வைத்து வைத்து எடுத்தார். கரி தணியும்போதெல்லாம் தெய்வானை விசிறினாள். தட்டின் ஓரத்தில் மெல்ல ஆவி கிளம்பியது. திரிந்த பால் வாசனை சமையலறை முழுக்க வந்தது.

கூடத்தில் கெட்டிமேளம் முழங்கியது. பாதி தேய்த்த வேட்டியோடு மாப்பிள்ளை தாலி கட்டினார். தெய்வானை ஓடிப்போய் அட்சதை போட்டுவிட்டு, அதே வேகத்தில் விசிறிக்குத் திரும்பினாள்.

ஆவி நின்றது. பூவராகன் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார்.

முதல் தட்டின் சுவிட்சைத் திருப்பினார். பிரேக்கர் விழவில்லை. முகப்பில் செம்மணி போல ஒரு விளக்கு எரிந்தது. தட்டிலிருந்து அனல் அவர் முகத்தில் அடித்தது.

"சூடேறிடுச்சுங்க" என்று கத்தினார் பழனியப்பன். வேட்டி போன கோபமெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டாவதும் சூடேறியது, மூன்றாவதும் சூடேறியது. நான்காவதுக்கு மட்டும் பிரேக்கர் டப்பென்று விழுந்தது.

"மூணு போதும். அரிசியைக் களையுங்க" என்றார் அம்மா.

தெய்வானை முந்தானையை இழுத்துச் செருகினாள். சோறு, சாம்பார், பாயசம். வெந்த சோறு ஆறாமலிருக்க ரொட்டி அறைக்குள் போனது. பந்தி உட்கார்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேசவில்லை, சாப்பிட்டார்கள். பழனியப்பன் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கினார். தெய்வானை ஊற்றிய ஊற்றில் அவர் இலையே தெரியவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

பொண்ணு மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் கொடுக்க அடுப்பில் பால் வைத்திருந்தார்கள். பந்தி மும்முரத்தில் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பால் பொங்கி விளிம்பு தாண்டி, சூட்டுத் தட்டில் சுர்ரென்று இறங்கி, முகப்பு வரை வழிந்தது.

பூவராகன் பாய்ந்து வந்து மெயினை அணைத்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வழியும் பாலைப் பார்த்தபடி அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது.

"அம்மா... பெரிய சாமி..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் கிடந்த பட்டை எடுத்துத் துடைக்கப் போனார்.

"பட்டு ஈரம் இழுக்காது" என்றார் அம்மா. "பழைய வேட்டி ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ராத்திரிச் சோத்துக்கு அடுப்பு வேணும்."