கடைசிச் சாமான்

கடல் மடத்தின் மதில்வரைக்கும் வந்துவிட்டது. இனி மடத்து ஆபீஸை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று மடத்தின் தலைவி பூரணி அம்மை சொல்லிவிட்டார். ஆள் பிடிக்கும் பொறுப்பு தில்லைநாயகத்தின் தலையில் விழுந்தது.

தில்லைநாயகம் அறுபதைத் தாண்டியவர். மடத்தின் முந்தைய தலைவர், மறைந்த பெரியசாமியின் காலத்திலிருந்தே அந்த ஆபீஸில் இருக்கிறவர். அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் அம்மை பீடத்துக்கு வந்த அன்று முதலில் விழுந்து வணங்கியவர் அவர்தான். அம்மை மட்டும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதை விடவில்லை.

இரண்டு நாள் போனும் கையுமாக அலைந்துவிட்டு அம்மையிடம் வந்தார்.

"இந்த ஊர்ல ஆபீஸ் மாத்திக் குடுக்கிற கம்பெனின்னு ஒண்ணு கிடையாதும்மா. கல்யாணப் பாத்திரக் கடைக்காரர் வேன் வச்சிருக்காரு. முகூர்த்த நாள் முடியட்டும்ங்கிறாரு. ஐஸ் லாரி இருக்கு, ஏத்தினா நம்ம ஏடெல்லாம் சாளை மீன் வாடை அடிக்கும். டவுன்ல மூணு கம்பெனிக்குப் பேசினேன்."

"என்ன கேட்டீங்க?"

"இங்க எது எது எப்படி இருக்கோ, ஒரு நூல் பிசகாம அங்கயும் அப்படியே இருக்கணும்னு கேட்டேன்."

"முடியும்னு யாராவது சொன்னாங்களா?"

"ஒருத்தன் மட்டும் சொன்னான்."

"அவன் வேண்டாம்" என்றார் அம்மை.

கடைசியில் சூசை கிடைத்தான். கரையில் படகு இழுத்து ஏற்றும் கூட்டத்துக்குத் தலைவன். லாரியும் அவனே கொண்டுவருவதாகச் சொன்னான். பேசி முடித்தபின் தலையைச் சொறிந்தான்.

"ஒரு வழக்கம் இருக்குய்யா. கடைசிச் சாமான நாங்க தொட மாட்டோம். வீட்டுக்காரவங்கதான் கையில எடுத்துட்டு வரணும். அதுவரைக்கும் வண்டி நகராது."

"அதென்னப்பா அப்படி ஒரு வழக்கம்?"

"எல்லாத்தையும் நாங்களே தூக்கிட்டுப் போனா, திருடு போன மாதிரில்லா இருக்கும்!"

தில்லைநாயகத்துக்கு அது பிடித்திருந்தது. கடைசிச் சாமான் எது என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பெரியசாமியின் பிரம்பு நாற்காலி.

அந்த நாற்காலியில்தான் பெரியசாமி கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். படகு திரும்பாத வீட்டுப் பெண்கள் முதலில் ஓடி வருவது அங்கேதான். அவர் ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். எதிரில் சும்மா இருப்பார். சேதி வந்ததும் அவர்கள் போட்டது போட்டபடி ஓடிவிடுவார்கள். விட்டுப்போன குடையையும் தூக்குவாளியையும் எடுத்து நாற்காலிக்கு அடியில் வைப்பார்.

"தேடி வருவாங்க" என்பார். அவ்வளவுதான்.

மாற்றுகிற நாளுக்கு முன்பே தில்லைநாயகம் ஒவ்வொரு சாமானின் காலைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டார். அதே அளவில் புதுக் கட்டடத்திலும் கோடு போட்டுப் பார்த்தார். நாற்காலிக்கான இடத்தில் அங்கே ஒரு தூண் நின்றது. ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை.

திரும்பி வந்து அம்மையிடம் கேட்டார்.

"பெரியசாமி அங்க வருவாராம்மா?"

அம்மை அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி மேசைமேல் வைத்தார்.

மாற்றுகிற அன்று காலை சூசையின் ஆட்கள் படகு இழுக்கும் அம்பாப் பாட்டைப் பாடிக்கொண்டே பீரோக்களைத் தூக்கினார்கள். அலமாரிகள் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. லாரி நிறைந்து கயிறும் கட்டியாயிற்று. நாற்காலி ஒன்றுதான் பாக்கி. அதைத் தூக்கப் போன தில்லைநாயகம் தூக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா?" என்றான் சூசை.

"நீங்க போங்க. நான் வரல."

அம்மை வாசலில் நின்றார். "எப்ப வருவீங்க அண்ணாச்சி?"

"வரவே மாட்டேம்மா. கடல் வந்து எடுத்துட்டுப் போகட்டும். நான் பெரியசாமியோட இருந்துக்கிடுதேன்."

அம்மை வற்புறுத்தவில்லை. லாரியின் நிழலில் போய் நின்றுகொண்டார்.

அப்போதுதான் மீனவர் குப்பத்து இசக்கியம்மாள் ஓடி வந்தாள். வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தவள், காலி அறையைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"ஆபீஸ் மாத்தியாச்சும்மா" என்றார் தில்லைநாயகம், எழுந்திருக்காமலே.

அவள் காதில் அது விழவில்லை. "எம்மவன் போன படகு இன்னும் வரலய்யா. நேத்தே வரணும். மத்ததெல்லாம் வந்துட்டு" என்று சொல்லியபடியே தரையில் சரிந்தாள்.

தில்லைநாயகம் அவளைக் கையைப் பிடித்துத் தூக்கினார். உட்கார வைக்க ஒன்றுதான் இருந்தது. உட்கார வைத்தார்.

பிறகு கூஜாவைத் தேடினார். அது லாரியில், அடியில் இருந்தது.

"சூசை, கயித்த அவுரு!"

"ஐயா, இப்பத்தான் கட்டினோம். கூஜா பீரோவுக்கும் கீழல்லா கிடக்கு!"

"அவுருன்னா அவுருடே!"

பாதிச் சாமான் மணலில் இறங்கியது. கூஜா வந்தது. அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவளுக்கு எதிரில் தரையில் சும்மா உட்கார்ந்தார். ஜன்னல் வழியே கடல் இரைந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

வெயில் நாற்காலியின் காலுக்கு வந்தபோது சூசையின் போன் அடித்தது. பேசியவன் லாரி அருகிலிருந்தே கத்தினான்.

"அக்கா! எஞ்சின் பழுதாம்! இழுத்துக்கிட்டு வந்து மணப்பாட்டுக் கரையில சேத்துட்டாங்களாம். ஒம் மவன் அங்க இட்லி தின்னுக்கிட்டு இருக்கானாம்!"

"பாவிப் பய!" என்றாள் இசக்கியம்மாள். சிரிப்பும் அழுகையுமாகச் சுடுமணலில் ஓடினாள். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

தில்லைநாயகம் எழுந்தார். சாக்பீஸ் கோடெல்லாம் அழிந்து அவர் வேட்டியில் ஒட்டியிருந்தது.

"இறக்கினத ஏத்துங்கப்பா. நாற்காலியையும்" என்றார்.

"நாற்காலி ஒங்க கையாலல்லா வரணும்ய்யா..."

"நீங்களே ஏத்துங்க."

அவர் வாசலுக்கு வந்தார். குனிந்து, அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்த அந்த ரப்பர் செருப்பை எடுத்தார். மணலைத் தட்டினார்.

சூசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைசிச் சாமான் இதாய்யா? இத எதுக்கு அங்க?"

"தேடி வருவா" என்றார் தில்லைநாயகம்.

சொன்னபின்தான் தன் குரல் அவர் காதிலேயே விழுந்தது. செருப்பும் கையுமாக அப்படியே நின்றார்.

அம்மை லாரியின் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

"பெரியசாமி அங்க வருவாரான்னு கேட்டீங்களே அண்ணாச்சி. கிளம்பிட்டாரு. ஏறுங்க."