கல்லும் வாழையும்

ஒரு ஊர்ல ஒரு பஸ்ஸு. அந்த பஸ்ஸுல பூரணம்னு ஒரு அக்கா, காய்கறிப் பையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. பின் சீட்டுல ஒரு அம்மா யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு வந்தாங்க: “கல்... வாழை வெச்சேன். குளிச்ச தண்ணியெல்லாம் பளிங்கு மாதிரி ஆயிருச்சு!” நடுவுல பஸ்ஸு ‘டுர்ர்ர்’னு உறுமிச்சு. பூரணம் காதுல விழுந்தது கல்லு, வாழை, பளிங்குத் தண்ணி, அவ்வளவுதான். திரும்பிக் கேக்க ஆசை. ஆனா வெக்கம். இறங்குற இடமும் வந்துருச்சு.

ம் சொல்லு யாழி, அப்பத்தான் கதை நகரும்.

“ம்...”

பூரணத்துக்கு ஓட்டு வீடு, ரொம்பச் சின்னது. வீட்டுக்காரர் வெளியூர்ல லாரி ஓட்டுறாரு. வீட்டுல அவளும் அவ மாமனார் வேலாயுதமும்தான். கொல்லையில நெஞ்சு உசரத்துக்கு ஒரே ஒரு கொய்யாச்செடி. அந்தச் செடியில ஒரு தையல்சிட்டு வந்து ரெண்டு இலையைச் சேத்து வெச்சுத் தெச்சுச்சு. சரக் சரக்.

“குருவிக்கு ஊசி ஏது?”

அலகுதான் ஊசி. சிலந்தி நூலும் பஞ்சும்தான் நூலு. தெச்ச இலைக்குள்ள மூணு முட்டை. பூரணம் மூச்சுகூட விடாம எட்டிப் பாத்தா. ஒவ்வொரு முட்டையும் அவ சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்துச்சு.

ஆனா அந்த ஊர்ல குழாய்த் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கத்தான் வரும். குடிக்கவும் குளிக்கவுமே இழுபறி. செடி வாட ஆரம்பிச்சுது. இலை காஞ்சா தையல் விட்டுரும். தையல் விட்டா முட்டை கீழ விழுந்துரும். பூரணத்துக்குச் சோறே இறங்கல.

அப்புறம் என்ன செஞ்சா? துணி தொவச்ச தண்ணியை அப்படியே செடிக்கு ஊத்தினா. சளப்! மறுநாள் மண்ணு மேல வெள்ளையா பூத்துப்போச்சு. இலை ஓரமெல்லாம் கருகிடுச்சு.

“குருவிக்கே சோப்பு போட்டுட்டியாம்மா?”ன்னு மாமனார் சிரிச்சாரு.

அப்புறம் சோப்புத்தூளை ஓரங்கட்டிட்டு அரப்பு போட்டுக் குளிச்சா. அந்தத் தண்ணியைத் தொட்டியில தெளியட்டும்னு வெச்சா. ரெண்டே நாள்ல நாத்தம். கொசு வேற, ஙொய்ய்ங்...

“இப்ப கொசுவுக்குத் தொட்டில் கட்டியிருக்கே”ன்னாரு மாமனார்.

அப்பத்தான் அந்தக் கல்லும் வாழையும் ஞாபகம் வந்துச்சு. குளிக்கிற எடத்துக்கும் செடிக்கும் நடுவுல முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினா. டங், டங்! அடியில ஒடஞ்ச செங்கல்லு, அது மேல ஜல்லி, அதுக்கும் மேல ஆத்துமணல். ஓரத்துல ஒரு வாழைக்கன்னு. குழியோட அடியிலேர்ந்து ஒரு சின்னக் குழாய் கொய்யா வேருக்குப் போச்சு. அப்புறம் குளிச்ச தண்ணியைத் தொறந்துவிட்டா.

குபுகுபுன்னு கலங்கலா உள்ள போச்சு. ஒண்ணும் வரல. வரல. வரல... அப்புறம், சொட்டு. சொட்டு. சொட்டு.

பூரணம் உள்ளங்கையில ஏந்திப் பாத்தா. கைரேகை தெரிஞ்சுது யாழி! அவ ஒடம்புலேர்ந்து வழிஞ்ச அழுக்குத் தண்ணிதான் அது. மண்ணுக்குள்ள போனது ஒண்ணு, வெளிய வந்தது இன்னொண்ணு. அவ அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டா.

ஏழாம் நாளு வாழையில ஒரு குருத்து சுருள் விரிச்சுது. கொய்யா இலை நிமிர்ந்துச்சு. அப்புறம் இலைக்குள்ளேர்ந்து கீச், கீச், கீச்!

“மூணும் பொரிஞ்சிருச்சா?”

மூணும். ஆனா அந்த வாரம் குழாய்ல தண்ணியே வரல. குடிக்கவே ஒரு கொடந்தான். யாரும் குளிக்காட்டி குழிக்கு ஏது தண்ணி? மாமனாருக்கு மட்டும் கவலையில்ல, அவரு தினம் தென்னந்தோப்பு பம்ப்செட்டுக்குப் போய் குளிப்பாரு. தோப்புக்காரர் கறார் பேர்வழி. “குளிக்க ரெண்டு வாளி. செடிகொடிக்குன்னா ஒரு சொட்டு கெடயாது”ம்பாரு.

பூரணம் தயங்கித் தயங்கிக் கேட்டா. “மாமா, அந்த ரெண்டு வாளியை இங்க கொண்டாந்து குளிங்களேன்.”

“என் அழுக்கு என் மருமக தோட்டத்துல ஓடணுமா? ஊரு சிரிக்கும், போம்மா.”

அன்னிக்கு சாயங்காலம் தையல் ஒண்ணு விட்டுருச்சு. பட்!

மறுநாள் கடைக்குப் போறப்போ பஸ்ஸுல அதே அம்மா. இந்தத் தடவ பூரணம் திரும்பிட்டா. “அக்கா, கல்லும் வாழையும் வெச்சேன். ஆனா தண்ணியே இல்ல”ன்னா.

“கல்லா? அட, நான் சொன்னது கல்வாழைடி! செவப்பா பூக்குமே, சாக்கடை ஓரத்துல, அந்தச் செடி!” அந்த அம்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. அவங்க வீடு வழியிலதான். ஒரு கெழங்கைப் பிடுங்கிக் குடுத்தனுப்பிச்சாங்க.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமனாருக்கு ஒரே சிரிப்பு. “காதுல பஞ்சா வெச்சிருந்தே? அப்ப நீ வெட்டுனது வெறுங்குழி!” அதைக் காட்டத்தான் குழிகிட்ட போனாரு. குனிஞ்சாரு. மோந்து பாத்தாரு. நாத்தமில்ல. வாழைக்குருத்தைத் தொட்டாரு. அப்புறம் தலையைத் தூக்குனாரு. அவரு மூக்குக்கு நேரா, விட்டுப்போன தையல் இடுக்குல, மூணு வாயி. மூணும் மஞ்சளா, அகலமாத் தொறந்திருந்துச்சு. அவரு சிரிப்பு நின்னுபோச்சு.

மறுநாள் காலையில தோப்புக்காரர் கத்துறது கேட்டுச்சு. “வாளியை எங்கய்யா தூக்கிட்டுப் போறே?”

“குளிக்கத்தான்யா!”

வந்தாரு. குழி ஓரத்துல பலகையைப் போட்டு உட்கார்ந்து மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டாரு. சளார்! சளார்! ஒம்பது நாளு அப்படித்தான். தாய்க்குருவி அந்த விட்ட தையலைத் திரும்பத் தெச்சுச்சு. ஒம்பதாம் நாளு ஒண்ணு பறந்துச்சு, விர்ர். ரெண்டு, விர்ர். மூணாவது வாழையில மோதி, உட்கார்ந்து, அப்புறம் விர்ர்ர்.

“...ம்.”

பத்தாம் நாளு கூடு காலி. அன்னிக்குத் தெருக்குழாய்லயும் தண்ணி வந்துருச்சு. பூரணம் அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்தா. மாமனாரு ரெண்டு வாளியோட வந்தாரு. வாழைக்குப் பக்கத்துல மண்ணைக் கையால தோண்டி அந்தக் கல்வாழைக் கெழங்கை வெச்சு மூடுனாரு. அப்புறம் பலகையைப் போட்டு உட்கார்ந்து, முதல் சொம்பை மொண்டு தலையில ஊத்திக்கிட்டாரு.

கதை வடிஞ்சுது, கண்ணை மூடு.