பதினொரு தடவை

ஓசூரில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுத் தரும் கேப்டன் குமுதினியைத் தேடிப் பழைய மாணவி பெனிட்டா வந்தாள். கையில் இரண்டு வேலைக் கடிதங்கள். இரண்டும் வெளிநாடு, இரண்டிலும் நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட வேண்டும். ஒன்றில் மாதம் ஒன்பது லட்சம். மற்றதில் ஐந்து.

“எதுக்குப் போகட்டும் மேடம்?”

குமுதினி ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். “உனக்கு எதுல கண்ணு?”

“ஒன்பதுல. ஆனா பயமா இருக்கு. பொண்ணு ஜெனிலாவுக்கு ஒன்றரை வயசு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் முகம்கூட அவளுக்கு ஞாபகம் இருக்காது.”

“அப்ப அஞ்சுக்குப் போ.”

“அங்கயும் அதே கடல்தானே.”

“கடல்கிட்ட என்ன கேட்கப் போறே? கம்பெனிகிட்ட கேளு. ‘இன்னைக்குப் பறக்க மாட்டேன்’னு அவங்க பைலட்டுங்க போன மாசம் எத்தனை தடவை சொன்னாங்க?”

“இதைக் கேட்டா வேலையே போயிடும் மேடம்.”

“போனா பஸ் ஏறி வீட்டுக்குப் போ. ஃபோனைப் போடு.”

ஒன்பது லட்சக்காரர் சிரித்தார். “எங்க பைலட்டுங்க அப்படிச் சொல்றவங்க இல்லம்மா.”

ஐந்து லட்சக்காரர் சிரிக்கவில்லை. தாள் புரளும் சத்தம் கேட்டது. “பதினொரு தடவை. யார் யார்னு சொல்லணுமா?”

குமுதினி ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

நான்கு மாதம் கழித்து, ஐந்து லட்ச வேலைக்குப் போன ஊரிலிருந்து பெனிட்டா கூப்பிட்டாள். குரலில் மூச்சிரைத்தது.

“மேடம், இன்னைக்குப் பறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“மூடுபனி. கிணத்து மேல பன்னிரண்டு பேர் ஊருக்குப் போக மூட்டை கட்டி உட்கார்ந்திருந்தாங்க. ரேடியோவுல என் பரம்பரையையே திட்டினாங்க. ஆனா மாட்டேன்னா மாட்டேன்னுட்டேன்.”

“அப்புறம்?”

“அரை மணியில பளிச்சுனு வெளுத்துப்போச்சு. அசடு வழிஞ்சேன். போய் அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்தேன்.”

“மேனேஜர் என்ன சொன்னார்?”

“டீ வாங்கிக் கொடுத்தார் மேடம். நாளைக்கும் சந்தேகம் வந்தா இதையே சொல்லுன்னார்.”

“சம்பளத்துல பிடிச்சாங்களா?”

“ஒரு காசு பிடிக்கல.”

“அப்ப நீ விட்டுட்டு வந்த நாலு லட்சம் இன்னைக்கு வந்து சேர்ந்துடுச்சு. ஃபோனை வை. ஜெனிலா தூங்கறதுக்குள்ள அவளைக் கூப்பிடு.”